ஐரோப்பிய வீடுகளின் ஒயரும் பிளக்கும்: நாடு மாறிக் குடியேறுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐரோப்பாவுக்குள்ளேயே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் சாமான்களோடு குடிபெயர்வது புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர்கள் பலர். இங்கிருந்து வேலையின் பொருட்டுப் பாரிசுக்கும் சூரிச்சுக்கும் போகிறவர்களும் உண்டு. அப்படிப் போகும்போது ஒரு பை நிறைய அடாப்டர் வாங்கிக்கொண்டால் மின்சார விஷயம் முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம். அடாப்டர் பொருத்தித் தருவது வடிவத்தை மட்டுமே. மின்பெட்டியில் எத்தனை ஆம்பியர் பிரேக்கர் இருக்கிறது, அதிலிருந்து சுவருக்குள் ஓடும் ஒயர் எவ்வளவு தடிமன், சாக்கெட் எவ்வளவு தாங்கும், பிளக்கில் ஃபியூஸ் உண்டா இல்லையா என்ற நான்கையும் ஒவ்வொரு நாடும் ஒன்றையொன்று கணக்கில் வைத்தே முடிவுசெய்திருக்கிறது. ஆகவே ஒப்பிட வேண்டியது பிளக்குகளை மட்டுமல்ல, அந்த நான்கும் சேர்ந்த ஏற்பாட்டை. கீழே உள்ள படிகள் அந்த நோக்கில் எழுதப்பட்டவை.

முதல் படி: வோல்டேஜைப் பற்றிக் கவலையை விடுங்கள்

ஐரோப்பா முழுவதும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். முன்பு கண்டத்து நாடுகளில் 220 வோல்ட்டும் பிரிட்டனில் 240 வோல்ட்டும் இருந்தன. 1990களில் இரண்டையும் 230 என்ற பொதுப் பெயரளவுக்குள் கொண்டுவந்தார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இதே அளவுதான் என்பதால், கோயம்புத்தூர் கிரைண்டருக்கோ மிக்சிக்கோ டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. மாற வேண்டியது பிளக் மட்டும். ஆனால் அதை எப்படி மாற்றுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

இரண்டாம் படி: சுவரில் இருக்கும் சாக்கெட்டை அடையாளம் காணுங்கள்

ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, ஸ்பெயின், போர்ச்சுகல், சுவீடன், நார்வே, பின்லாந்து ஆகிய நாடுகளில் இருப்பது ஷூக்கோ எனப்படும் எஃப் வகை. வட்டமான குழிக்குள் இரண்டு துளைகள், மேலும் கீழும் எர்த்துக்கான இரண்டு உலோகக் கவ்விகள். பிளக்கை எப்படிப் புரட்டிச் செருகினாலும் உள்ளே போகும். எனவே எந்தப் பின்னில் ஃபேஸ், அதாவது மின்சாரம் வரும் கம்பி, சேரும் என்பது நிச்சயமில்லை. மேசை விளக்கின் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் வகையாக இருந்தால், அது மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரலைத் துண்டித்து, விளக்கு அணைந்த பின்னும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கக்கூடும். பல்பை மாற்றும் முன் பிளக்கையே பிடுங்க வேண்டும் என்று அங்கே சொல்வது இதனால்தான்.

பிரான்ஸ், பெல்ஜியம், போலந்து, செக், ஸ்லோவாக்கியா ஆகியவற்றில் இருப்பது இ வகை. பார்வைக்கு ஷூக்கோ போலவே இருக்கும், ஆனால் எர்த் பின் சாக்கெட்டிலிருந்தே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இன்று விற்கப்படும் சாதனங்களில் பெரும்பாலும் சி.இ.இ. 7/7 என்ற கலப்பு பிளக் வருகிறது. அதில் பக்கவாட்டுக் கவ்விக்கான பள்ளமும் பிரெஞ்சுப் பின்னுக்கான துளையும் இரண்டும் இருப்பதால் பாரிசிலும் பெர்லினிலும் அப்படியே பொருந்தும். துளை இல்லாத பழைய ஜெர்மன் பிளக் பிரெஞ்சு சாக்கெட்டில் நுழையாது. நுழையாமல் இருப்பது நல்லதே.

டென்மார்க்கில்தான் நுழைந்துவிடுவது ஆபத்தாகிறது. டேனிஷ் கே வகை சாக்கெட்டின் எர்த் துளை அரைவட்டமாக, சிரிக்கும் வாய் போல் இருக்கும். ஜெர்மனியில் வாங்கிய சலவை இயந்திரத்தின் பிளக் அதில் சிக்கலின்றிச் செருகிக்கொள்ளும், இயந்திரமும் ஓடும், ஆனால் எர்த் எதையும் தொட்டிருக்காது. உள்ளே காப்பு பழுதானால் உலோக உடம்பில் மின்சாரம் நிற்கும். அதைத் தொடும் கைதான் எர்த் ஆகிவிடும். 2008 முதல் டென்மார்க்கில் பிரெஞ்சு வகை சாக்கெட்டையும் அனுமதித்திருக்கிறார்கள், என்றாலும் பழைய வீடுகளில் கே வகையே மிகுதி. ஜெர்மனியிலிருந்து கொண்டுபோகும் உலோக உடம்புச் சாதனங்கள் அனைத்துக்கும் அங்கே டேனிஷ் பிளக் போட்டே தீர வேண்டும்.

இத்தாலியின் எல் வகையில் மூன்று உருண்டைப் பின்கள் ஒரே வரிசையில் நிற்கும். 10 ஆம்பியருக்கு மெல்லிய பின்கள், 16 ஆம்பியருக்குத் தடித்த பின்களும் அகன்ற இடைவெளியும். இரண்டையும் ஏற்கும் சாக்கெட்டுக்கு பிபாஸ்ஸோ என்று பெயர். சுவிட்சர்லாந்தின் ஜே வகையிலும் மூன்று பின்கள் உண்டு, ஆனால் நடுப் பின் சற்று விலகி நிற்பதால் இத்தாலியப் பிளக் அங்கே உதவாது. சுவிஸ் வீடுகளில் வழக்கமானது 10 ஆம்பியர் சாக்கெட். 16 ஆம்பியருக்கு டி23 என்ற தனி வடிவம் உண்டு, அதன் துளைகள் செவ்வகம்.

பிரிட்டன், அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நான்கிலும் ஜி வகை. இலங்கையும் அண்மைக் காலத்தில் இதையே தன் பொது வகையாக ஏற்றிருப்பதால் புதிதாக அங்கிருந்து வருவோருக்கு இது பழகியதாகவே இருக்கும். செல்போன் சார்ஜரில் வரும் தட்டை உடம்பு கொண்ட இரண்டு பின் யூரோபிளக், 2.5 ஆம்பியர் வரைக்கும் மட்டுமே ஆனது, இந்த நான்கு நாடுகளைத் தவிர ஏறத்தாழ எங்கும் பொருந்தும். பிரிட்டிஷ் சாக்கெட்டின் எர்த் துளையில் பேனாவை விட்டு அழுத்தி, திறக்கும் மூடிகளுக்குள் யூரோபிளக்கைத் திணிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. குழந்தைகளுக்காக வைத்த காப்பை அப்படி நாமே கெடுக்கிறோம். பின் இளகலாக நின்று சூடாகவும் செய்யும்.

மூன்றாம் படி: ஆம்பியரை வாட்டாக மாற்றிப் பாருங்கள்

பெருக்கல் எளிது. 10 ஆம்பியர் சாக்கெட்டில் 2300 வாட், 13 ஆம்பியரில் 2990 வாட், 16 ஆம்பியரில் 3680 வாட் வரை எடுக்கலாம். லண்டன் சமையலறையின் 3000 வாட் கெட்டிலுக்குப் பிளக்கை மாற்றி சுவிட்சர்லாந்தின் 10 ஆம்பியர் சாக்கெட்டில் போடுவது தவறு என்பது இந்த ஒரே கணக்கில் தெரிந்துவிடும். எதிர்த்திசையில், 3500 வாட் ஜெர்மன் ஹீட்டரை 13 ஆம்பியர் பிளக்கில் ஓட்ட முடியாது. சாதனத்தின் அடியில் உள்ள தகட்டில் வாட் எழுதியிருக்கும். பெட்டி கட்டும் முன் சமையலறைச் சாதனங்களுக்காவது அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியில் இன்னொரு வரம்பும் உண்டு. அங்கே பெரும்பாலான வீடுகள் 3 கிலோவாட் ஒப்பந்தத்தில் இருப்பவை. ஓவனும் சலவை இயந்திரமும் சேர்ந்து ஓடினால், உள்ளே எல்லா ஒயரும் சரியாக இருந்தாலும் மீட்டரே துண்டித்துவிடும். ஸ்பெயினிலும் ஒப்பந்த அளவைப் பொறுத்து இதுவே கதை.

நான்காம் படி: பிரிட்டிஷ் ஏற்பாட்டைத் தனியாகப் புரிந்துகொள்ளுங்கள்

கண்டத்து நாடுகளில் ஒவ்வொரு சாக்கெட் வரிசையும் மின்பெட்டியிலிருந்து புறப்பட்டு ஓரிடத்தில் முடிந்துவிடும். அதன் பிரேக்கர் பெரும்பாலும் 16 ஆம்பியர், பிரான்சில் 20 வரை. பிரிட்டனில் கேபிள் பெட்டியிலிருந்து புறப்பட்டு எல்லா சாக்கெட்டையும் தொட்டுவிட்டுத் திரும்பவும் அதே பெட்டிக்கு வந்து சேரும். ரிங் எனப்படும் இந்த வளையத்தில் 2.5 சதுர மி.மீ. கேபிளே போதும், ஏனெனில் மின்சாரம் இரு பக்கமிருந்தும் பகிர்ந்து வருகிறது. பிரேக்கரோ 32 ஆம்பியர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மின்பொறியாளர் கேரொலைன் ஹாஸ்லெட் இடம்பெற்றிருந்த குழு, போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளை மனதில் வைத்துச் செம்பைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் இந்த முறையைப் பரிந்துரைத்தது. சதுரப் பின் பிளக்குக்கான பி.எஸ். 1363 தரம் 1947இல் வந்தது.

இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். ஒரு மேசை விளக்கின் மெல்லிய கம்பியை 32 ஆம்பியர் பிரேக்கர் காப்பாற்றாது. கம்பி உருகித் தீப்பிடித்தாலும் பிரேக்கர் விழாமல் இருக்கக்கூடும். அதனால்தான் பிரிட்டிஷ் பிளக்கின் உள்ளேயே ஃபியூஸ் இருக்கிறது: விளக்குக்கு 3 ஆம்பியர், கெட்டிலுக்கு 13. கொண்டுவந்த ஜெர்மன் சாதனங்களுக்காக லண்டன் வீட்டுச் சுவரில் ஷூக்கோ சாக்கெட்டையே பொருத்திக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ரிங்கில் அப்படிச் செய்தால், 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதில் செருகும் ஃபியூஸ் இல்லாத கம்பியும் 32 ஆம்பியர் பிரேக்கரின் தயவில் நிற்கும். அதற்குப் பதில், ஷூக்கோ பிளக்கை முழுவதுமாக உள்ளே வைத்துத் திருகாணியால் மூடும், ஃபியூஸ் உள்ள மாற்றி பிளக் கடைகளில் கிடைக்கிறது. அதுவே சரியான வழி.

கிரைண்டரின் உருண்டைப் பின் பிளக்கை வெட்டிவிட்டு 13 ஆம்பியர் பிளக் போடுவதானால், மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள். மேலே நடுவில் எர்த், இடப்பக்கம் நியூட்ரல், வலப்பக்கம் ஃபியூஸோடு சேர்ந்த ஃபேஸ். எர்த் கம்பியை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக, தளர்வாக விட வேண்டும். யாரேனும் கேபிளை இழுத்தாலும் ஃபேஸும் நியூட்ரலும் முதலில் கழன்று, எர்த் கடைசியாகக் கழலும். கம்பியின் மேலுறையும் கவ்விக்குள் இறுகியிருக்க வேண்டும், உள் ஒயர்கள் மட்டும் கவ்விக்குள் இருந்தால் பிளக்கைத் திரும்பப் போடுங்கள். கிரைண்டர் ஈரத்தில் நிற்கும் உலோகச் சாதனம் என்பதால், எர்த் இல்லாத சுற்றுலா அடாப்டரில் அதை ஒருநாளும் ஓட்டக் கூடாது.

ஐந்தாம் படி: சுவருக்குள் ஓடும் ஒயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாடகைக்கு இருப்பவர் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். பழைய வீடு வாங்குகிறவர் தாண்டக் கூடாது.

ஜெர்மனியில் சாம்பல் நிற உருண்டை கேபிளான என்.ஒய்.எம்.-ஜே நேரடியாகப் பூச்சுக்குள் புதைக்கப்படுகிறது. அதில் 1.5 சதுர மி.மீ. ஒயருக்கு 16 ஆம்பியர் பிரேக்கர் போடுவது அங்கே வழக்கம், ஆனால் வெப்பக்காப்பு அடைத்த சுவரிலும் நீண்ட ஓட்டத்திலும் அது பொருந்தாது; முழுச் சுமையில் சுமார் 18 மீட்டரைத் தாண்டினாலே வோல்டேஜ் இழப்பு 3 விழுக்காட்டை எட்டிவிடும். பிரிட்டனில் ட்வின் அண்ட் எர்த் எனப்படும் தட்டையான கேபிள். இதன் எர்த் கம்பி உறையே இல்லாத வெறும் செம்பு, மற்ற இரண்டையும்விடச் சிறியது. முனைகளில் மட்டும் பச்சை-மஞ்சள் குழாய் மாட்டுவார்கள்.

பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளில் சுவருக்குள் முதலில் பைப் போகிறது. பிறகு அதனுள் தனித்தனி ஒயர் இழுக்கப்படுகிறது. நம் ஊரில் செய்வதும் இதுவே. பிரான்சிலும் நெதர்லாந்திலும் ஒற்றைக் கம்பி ஒயர், இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பல இழைகள் கொண்ட நெகிழ்வான ஒயர். முப்பது ஆண்டுகள் கழித்துச் சுவரை உடைக்காமல் புது ஒயர் இழுக்க முடியும் என்பதால், பைப் முறையே மேல் என்பது என் கருத்து. ஜெர்மன் எலக்ட்ரீஷியன் யாரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்.

தடிமன் விஷயத்தில் பிரெஞ்சு, ஸ்பானிய விதிகள் தெளிவானவை. பிரான்சின் என்.எஃப். சி 15-100 விதிப்படி 1.5 சதுர மி.மீ. ஒயரில் 16 ஆம்பியர் பிரேக்கரோடு 8 சாக்கெட் வரை, 2.5இல் 20 ஆம்பியரோடு 12 வரை. மின்அடுப்புக்கு 6 சதுர மி.மீ., 32 ஆம்பியர். ஸ்பெயினில் 2002 விதிமுறைப்படி விளக்குக்கு 1.5உம் 10 ஆம்பியரும், பொதுச் சாக்கெட்டுக்கு 2.5உம் 16 ஆம்பியரும், சலவை இயந்திரத்துக்கு 4உம் 20 ஆம்பியரும், அடுப்புக்கு 6உம் 25 ஆம்பியரும். ஜெர்மனியில் அடுப்புக்குப் பெரும்பாலும் மூன்று ஃபேஸ் வருகிறது, எனவே ஐந்து கம்பி கொண்ட 2.5 கேபிளே போதும். அங்கிருந்து அடுப்பைக் கழற்றிக் கொண்டுவருகிறவர், அதன் கையேட்டில் ஒற்றை ஃபேஸ் இணைப்புப் படம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இனி அலுமினியம். முன்னாள் கிழக்கு ஜெர்மனி, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி போன்ற நாடுகளின் அடுக்குமாடிகளில் 1960களிலிருந்து அலுமினிய ஒயர் பரவலாகப் போடப்பட்டது. அலுமினியம் திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல ஒதுங்கிக்கொடுக்கும். இணைப்பு இளகும், சூடாகும். காற்றுப் பட்டவுடன் மேலே படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். இரண்டு மூன்று முறை மடக்கினாலே முறிந்துவிடும். அதைச் செம்போடு நேராக முறுக்கி இணைப்பதை எந்த நாட்டிலும் ஏற்கமாட்டார்கள். ஒயரின் முனை வெள்ளையாக இருக்கிறது என்பதால் மட்டும் அலுமினியம் என்று முடிவுகட்ட வேண்டாம். ரப்பர் உறை போட்ட பழைய பிரிட்டிஷ் ஒயரில் செம்புக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள். மின்சாரத்தைத் துண்டித்து, இல்லை என்று சோதித்த பின் கத்தி முனையால் சுரண்டினால், பூச்சுக்கு அடியில் செம்பின் நிறம் தெரிந்துவிடும். ஆனால் அந்த ரப்பர் கையில் உதிர்ந்தால், உள்ளே இருப்பது செம்பே ஆனாலும் ஒயரை மாற்றத்தான் வேண்டும்.

ஆறாம் படி: பழைய நிறங்களை நம்பாதீர்கள்

இன்று ஐரோப்பா முழுவதும் ஃபேஸ் பழுப்பு, நியூட்ரல் நீலம், எர்த் பச்சை-மஞ்சள். கறுப்பும் சாம்பலும் ஃபேஸாக வரலாம். சிக்கல் பழைய வீடுகளில்.

பிரிட்டனில் 2004 வரை நம் ஊர் முறையே: சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். 2004இல் புது நிறங்கள் அனுமதிக்கப்பட்டு, 2006 ஏப்ரலில் கட்டாயமாயின. மூன்று ஃபேஸில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று இருந்தது பழுப்பு, கறுப்பு, சாம்பல் ஆயிற்று. அதாவது முன்பு நியூட்ரலாக இருந்த கறுப்பு இப்போது ஃபேஸ். முன்பு ஃபேஸாக இருந்த நீலம் இப்போது நியூட்ரல். பாதி பழையதும் பாதி புதியதுமான பெட்டியில் இரண்டும் அருகருகே நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் எச்சரிக்கை ஒட்டி வைப்பது விதி.

ஜெர்மனியில் 1965க்கு முன் போட்ட ஒயரிங்கில் கறுப்பு ஃபேஸ், சாம்பல் நியூட்ரல், சிவப்பு எர்த். நெதர்லாந்தில் 1970க்கு முந்திய வீடுகளில் பச்சை ஃபேஸ், சிவப்பு நியூட்ரல், சாம்பல் எர்த். நம் ஊரில் பச்சையை எர்த் என்றே கைப்பழக்கமாகப் பிடிக்கும் ஒருவர், ராட்டர்டாம் நகரின் பழைய வீட்டில் அதே கையால் ஃபேஸைத் தொடுவார். எனவே நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், இரண்டு முனைகள் கொண்ட வோல்டேஜ் டெஸ்டரால் ஒவ்வொரு ஜோடியையும் அளந்து பார்க்க வேண்டும். விரலை வைத்தால் எரியும் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் இதற்குப் போதாது. நார்வேயின் பழைய விநியோகத்தில் நியூட்ரலே கிடையாது. இரண்டு கம்பியும் ஃபேஸ், ஒவ்வொன்றும் எர்த்துக்கு எதிராகச் சுமார் 130 வோல்ட்.

ஏழாம் படி: எர்த் உண்மையிலேயே இருக்கிறதா?

ஜெர்மனியில் 1973க்கு முன் கட்டிய வீடுகளிலும், கிழக்கில் 1990 வரைக்கும்கூட, இரண்டே கம்பி வரும் சாக்கெட்டுகள் உண்டு. வெளியே பார்த்தால் எர்த் கவ்விகளோடு கச்சிதமான ஷூக்கோ. கழற்றினால் நியூட்ரலிலிருந்து ஒரு சிறு துண்டுக் கம்பி எர்த் முனைக்குப் போயிருக்கும். நியூட்ரலே எர்த்தின் வேலையையும் செய்கிறது. சாக்கெட்டுக்கு முன்னால் எங்காவது அந்த ஒரு கம்பி விட்டுப்போனால், சாதனத்தின் வழியாக வரும் ஃபேஸ் அதன் உலோக உடம்பில் வந்து நிற்கும். இந்த வகை ஒயரிங்கில், மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் சரியாக வேலை செய்யாது. ஆகவே "எர்த் சாக்கெட் போட்டிருக்கிறோம்" என்று வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு நிற்காமல், மூன்று கம்பி வருகிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இன்று எல்லா நாடுகளிலும் புது ஒயரிங்கில் எதிர்பார்க்கப்படுகிறது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் வீடுகளில் எர்த் தரையில் அடித்த கம்பியையே நம்பியிருப்பதால், அங்கே அது இல்லாமல் பாதுகாப்பே இல்லை எனலாம். இத்தாலியர் அதைப் பேச்சில் சால்வவீத்தா, உயிர்காப்பான், என்றே அழைக்கிறார்கள். மின்பெட்டியில் டெஸ்ட் என்றோ டி என்றோ எழுதிய பொத்தான் இருந்தால் குடிபோன அன்றே அழுத்துங்கள். ஆர்.சி.சி.பி. விழவில்லை என்றால் அன்றே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

எட்டாம் படி: பொருள் வாங்கும் இடம்

சுவிட்ச், சாக்கெட்டை ஒரு நாட்டில் வாங்கி இன்னொரு நாட்டில் பொருத்த முயல வேண்டாம். ஜெர்மனியிலும் பிரான்சிலும் சுவர்ப்பெட்டி உருண்டை, இரண்டு பெட்டிகளின் நடுவிடைவெளி 71 மி.மீ.; பிரிட்டனில் சதுரம்; இத்தாலியில் மூன்று துண்டுகள் அடுக்கும் செவ்வகம். கேபிளில், ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சி.இ. முத்திரையும் தீயில் அது எப்படி நடந்துகொள்ளும் என்ற வகுப்பும் 2017 ஜூலை முதல் கட்டாயம். வீட்டு பிளக்குகளும் சாக்கெட்டுகளும் ஐரோப்பியத் தாழ்வோல்டேஜ் நெறிமுறையின் எல்லைக்கு வெளியே நிற்பவை, எனவே அவற்றுக்கு சி.இ. முத்திரை பொருந்தாது. அவற்றில் தேட வேண்டியது ஜெர்மனியின் வி.டி.இ., பிரான்சின் என்.எஃப்., இத்தாலியின் ஐ.எம்.கியூ. போன்ற நாட்டு முத்திரைகளை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் மல்டிசாக்கெட்டில் வெறும் சி.இ. மட்டும் பெரிதாகப் பொறித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

ஒன்பதாம் படி: யார் கை வைக்கலாம், எந்தத் தாளைக் கேட்க வேண்டும்

நார்வேயில் நிலையான ஒயரிங்கில் புதிதாக ஒரு சாக்கெட் சேர்க்கக்கூடப் பதிவுபெற்ற நிறுவனம் வேண்டும். ஜெர்மனியிலும் விநியோக நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள எலக்ட்ரீஷியனே செய்ய வேண்டும். வேறொருவர் செய்து தீ விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும். இங்கிலாந்தில் பழுதான சாக்கெட்டை மாற்றுவதற்கு முன்னறிவிப்பு வேண்டாம், ஆனால் புதுச் சர்க்யூட், மின்பெட்டி மாற்றம், குளியல் தொட்டி, ஷவர் அருகேயான வேலை ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். அங்கே வீட்டை வாடகைக்கு விடுகிறவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மின்சோதனை அறிக்கை பெற்று, அதன் நகலைக் குடியிருப்பவருக்குத் தர வேண்டும் என்பது 2020 முதல் சட்டம். பிரான்சில் 15 ஆண்டுக்கு மேற்பட்ட ஒயரிங் உள்ள வீட்டை விற்பவர் மின்நிலை அறிக்கையைத் தர வேண்டும். பெல்ஜியத்தில் வீட்டு ஒயரிங்குக்கு 25 ஆண்டுக்கு ஒருமுறையும், சுவிட்சர்லாந்தில் சாதாரண வீடுகளுக்கு 20 ஆண்டுக்கு ஒருமுறையும் சோதனை உண்டு. இந்தத் தாள்களைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வாங்குங்கள். அறிக்கையில் குறிப்பிட்ட குறைகளைச் சரிசெய்ததற்கான பில் தனியாக இருக்கும். அதையும் சேர்த்துக் கேளுங்கள்.